துன்பம் தந்த பரிசா இந்த இசை?

சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை, படிப்பகத்துக் கூட்டமொன்றிலே, அமெரிக்க நாட்டுக் கறுப்பின எழுத்தாளர்களின் கதைகளைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருந்தனர் தோழர்கள். பேசினோம், நமக்குத் தெரிந்த அளவுக்கு. பேசி அமர்ந்ததும் எழுந்தார் ஒரு நண்பர். படித்தவர், பண்பட்டவர், பாட்டென்றால் பசி மறப்பவர். அவர் கேட்டார்: "எல்லாம் சரி, ஐயா! அந்த மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டிராவிட்டால், அடியும் உதையும் பட்டிராவிட்டால், இந்த ஜாஸ் ஏது, புளூஸ் ஏது? புடம் போட்ட பிறகுதானே பொன்? துன்பம் அவர்களுக்குத் தந்த பரிசல்லவா இந்த இசை? அப்படியானால் அந்தத் துன்பத்துக்கும் ஒரு பொருள் இருந்தது என்றுதானே கொள்ள வேண்டும்?"

அவையிலே சிலர் தலையசைத்தனர். ஒருவர் கைகூடத் தட்டினார். நமக்கோ நெஞ்சிலே நெருப்பு! ஆனால் படிப்பகத்தைப் பூட்டும் நேரம் வந்துவிட்டது. சாவியோடு நின்றார் பொறுப்பாளர். அன்று சொல்ல வாய்ப்பின்றிப் போனதை இன்று இங்கே சொல்கிறோம்.

இனிக்க இனிக்கப் பேசினார் நண்பர். அந்த இனிப்புக்குள்ளே இருப்பது என்ன? சவுக்கைப் பிடித்தவனுக்கு இசையாசிரியன் என்று பட்டம் சூட்டும் வேலையல்லவா இது? பருத்திக் காட்டிலே முதுகு கிழிய அடித்தான் பண்ணை முதலாளி, பாட்டுப் பிறந்தது, ஆகவே அடித்தவனுக்கும் அந்தப் பாட்டிலே பங்குண்டு என்று பத்திரம் எழுதித் தருவதல்லவா இது? அடித்தவன்கூட இவ்வளவு துணிச்சலோடு உரிமை கோரியதில்லை. நண்பர் கோருகிறார், அவன் சார்பிலே, கட்டணமில்லாமல்!

கணக்கைப் பார்ப்போம். அட்லாண்டிக் கடலைக் கடந்து செல்ல, ஆப்பிரிக்கக் கரையிலே கப்பலேற்றப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களிலே ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரை காணவேயில்லை. கப்பலின் அடித்தட்டிலே, விலங்கோடு விலங்காக, நோயிலும் மூச்சுத் திணறலிலும் மாண்டு, அலையிலே வீசப்பட்டனர். துன்பம்தான் இசையைத் தருமென்றால், உலகின் மாபெரும் இசைவாணர்கள் அந்த 18 லட்சம் பேராகவல்லவா இருந்திருக்க வேண்டும்? அவர்களைவிடத் துன்புற்றவர் யார்? எங்கே அவர்கள் பாட்டு? கடலடியிலே கிடக்கிறது, அவர்களுடைய எலும்போடு.

இன்னொன்று. துன்பம் தந்தவர்கள், அதனால் பிறந்த இசையை வரவேற்றார்களா? 1739-இலே தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசறைந்து நடந்தனர். அடக்கப்பட்டது கிளர்ச்சி. அடுத்த ஆண்டே, 1740-இலே, சட்டம் வந்தது: அடிமைகள் முரசு வைத்திருக்கலாகாது, கொம்பு ஊதலாகாது, உரத்த ஒலியெழுப்பும் கருவி எதையும் கையாளலாகாது! பார்த்தீர்களா, தோழர்களே? அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து நெஞ்சிலே சுமந்து வந்த தாளத்தைப் பறிக்கத்தான் சட்டம் செய்தான் ஆண்டை. பரிசு தந்தவனா அவன்? இருந்த பரிசையும் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தவன்! முரசு போனது; கை இருந்தது, கால் இருந்தது, தொண்டை இருந்தது. கையைத் தட்டினர், காலால் தரையை அறைந்தனர், பாடினர். துன்பத்தால் அல்ல, துன்பத்தை மீறி. இந்த இரண்டுக்கும் இடையிலே உள்ள வேறுபாடு சிறிதென்று எண்ணுவோர் இக்கட்டுரையை இவ்விடத்தோடு மூடிவிடலாம்.

நண்பரின் கேள்வி புதிதுமல்ல. அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடி வந்த பிரெடரிக் டக்ளஸ், 1845-இலே வெளியிட்ட தன்வரலாற்றிலேயே இதன் உடன்பிறப்பைச் சந்தித்திருக்கிறார். அடிமைகள் பாடுகிறார்கள், ஆகவே அவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று வடபுலத்து வெள்ளையர் பேசிக்கொண்டதைக் கேட்டுத் திகைத்தாராம் அவர். மிகுந்த வேதனையிலேதான் மிகுதியாகப் பாடினோம் என்று விளக்க வேண்டியிருந்தது அந்த மனிதருக்கு. அன்று, பாடுகிறான், எனவே துன்பமில்லை என்றார்கள். இன்று, பாடுகிறான், எனவே துன்பம் நல்லது என்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், மாறியிருப்பது பேச்சின் சட்டை, பேச்சு மாறவில்லை.

டு போய்ஸ் 1903-இலே எழுதிய 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' என்ற நூலிலே ஒவ்வோர் இயலின் தலைப்பிலும் அடிமைகளின் துயரப் பாடலொன்றின் இசைக்குறிகளை அச்சிட்டார். சொல் இல்லை, வெறும் குறிகள். படிக்கத் தெரியாதவனுக்குப் புள்ளியும் கோடும். தெரிந்தவனுக்கு ஓர் இனத்தின் குரல். அதைப் பற்றி விரிவாகத் தனியே எழுத வேண்டும். இப்போது, நண்பரின் வாதத்தை நேரடியாகவே தவிடுபொடியாக்கும் ஒரு புதினத்துக்கு வருவோம்.

ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், 1912-இலே தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட கதை, 'முன்பொரு காலத்துக் கறுப்பனின் தன்வரலாறு'. அதன் நாயகன் வெளுத்த தோலோடு பிறந்தவன். வெள்ளையன் என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். பியானோவில் வல்லவன். தன் இனத்தாரின் நாட்டுப் பாடல்களைத் திரட்டி அவற்றைக் கொண்டு பேரிசை படைப்பேன் என்று உறுதிபூண்டு தென்புலத்துச் சிற்றூர்களிலே அலைகிறான். அங்கே ஒரு நாள், ஒரு கறுப்பனை வெள்ளையர் கூட்டம் உயிரோடு கொளுத்துவதைக் கண்ணாரக் காண்கிறான். துன்பம், நண்பரே! நீங்கள் சொன்ன புடம், அந்தப் புடத்தின் நெருப்பு, உவமையல்ல, உண்மை நெருப்பு, அவன் கண்ணெதிரே எரிகிறது. பிறந்ததா பேரிசை? இல்லை. ஓடினான் வடக்கே. வெள்ளையனாகவே வாழத் தொடங்கினான். பணம் சேர்த்தான். அவன் திரட்டிய இசை ஏடுகள் சிறு பெட்டியொன்றிலே மஞ்சள் பூத்துக் கிடக்கின்றன, கதை முடியும்போது. ஜான்சன் அறிவார், துன்பம் என்பது இசையின் கழுத்தை நெரிக்கும் கை என்று.

இனி நம் பேச்சின் மையமான கதை. ஜேம்ஸ் பால்ட்வின் 1957-இலே எழுதி வெளியிட்ட 'சன்னியின் புளூஸ்'. சன்னி என்றதும் காய்ச்சல் கண்டவன் பிதற்றும் நோயை எண்ணிக்கொள்ள வேண்டாம். மகனே என்று வீட்டார் செல்லமாக விளிக்கும் பெயர் அது, நம் வீடுகளிலே தம்பி என்பதைப்போல. தம்பியின் கதைதான் இது. சொல்பவன் அண்ணன். ஏழாண்டு மூத்தவன். ஹார்லெமிலே பள்ளியாசிரியன், இயற்கணிதம் கற்பிப்பவன். கதை முழுவதும் தேடினாலும் அவன் பெயர் கிடைக்காது. தம்பிக்குப் பெயருண்டு, அண்ணனுக்கில்லை. ஏன் என்று எண்ணிப் பாருங்கள்.

சுரங்க ரயிலிலே செல்லும்போது செய்தித்தாளைப் பிரிக்கிறான் அண்ணன். ஹெராயின் விற்றதற்காகவும் பயன்படுத்தியதற்காகவும் சன்னி பிடிபட்டான் என்றிருக்கிறது. உள்ளே ஏதோ உறைந்துபோகிறது அவனுக்கு. அன்றும் வகுப்புக்குப் போகிறான், கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். நல்ல மனிதன், ஒழுங்கானவன், குடும்பத்தான், அரசுக் குடியிருப்பிலே வாழ்பவன். ஆனால் சிறையிலிருக்கும் தம்பிக்கு ஒரு வரி எழுதவில்லை! நாளில்லையா, தாளில்லையா? மனமில்லை. பல திங்கள் ஓடின. இளம்பிள்ளைவாதம் கண்டு அவனுடைய சிறு மகள் இறந்தாள். அவளைப் புதைத்த நாளிலே, இருட்டிலே தனியாக உட்கார்ந்திருந்தபோது, தம்பியின் நினைவு வருகிறது. அன்றுதான் எழுதுகிறான் போலும்.

"ஆகா!" என்பார் நம் நண்பர். "துன்பம் அவன் கண்ணைத் திறந்தது, பார்த்தீரா?"

பார்த்தோம். ஒரு மடல் எழுதுவதற்கு ஒரு குழந்தையின் உயிரா விலை? தபால்தலையின் விலை அவ்வளவா? அந்தக் குழந்தையின் சாவுக்குப் பெருமை சேர்க்கவில்லை பால்ட்வின். அந்த அண்ணனின் நெஞ்சு எவ்வளவு இறுகிக் கிடந்தது என்பதற்குச் சான்று காட்டுகிறார். அந்த நோய்க்குத் தடுப்பு மருந்து பயன் தருகிறதென்று 1955 ஏப்ரல் 12-இலே அறிவித்தனர் அறிவியலார். ஜோனஸ் சால்க் கண்ட மருந்து. குழந்தைகள் செத்தால் தகப்பன்மார் திருந்துவார்கள், எழுத்தாளருக்குக் கதை கிடைக்கும், ஆகையால் நோயை விட்டுவைப்போம் என்று எந்த அறிவியலாரும் சொல்லவில்லை. ஒழிக்கக்கூடிய துன்பத்தை ஒழித்தனர். நண்பரும் தம் குழந்தைக்கு அந்த மருந்தைக் கொடுத்துத்தானிருப்பார். புடம் போட விட்டிருக்க மாட்டார்.

சன்னி இளைஞனாயிருந்தபோது அண்ணனிடம் சொன்னான், இசைவாணனாகப் போகிறேன் என்று. அண்ணனின் முதல் ஐயம் என்ன தெரியுமா? மேட்டுக்குடி மண்டபங்களில் வாசிக்கும் ஐரோப்பிய இசையா, வேறா என்பது! ஜாஸ் என்றான் தம்பி. முகம் சுளித்தான் அண்ணன். சார்லி பார்க்கர் என்றான் தம்பி. யார் அது என்றான் அண்ணன். தோழர்களே, ஹார்லெமிலே பிறந்து வளர்ந்து, அங்கேயே ஆசிரியனாகவும் இருப்பவன், தன் தெருவின் காற்றையே மாற்றியமைத்த கலைஞனின் பெயரைக் கேட்டதில்லை! கல்வி கொடுத்த கண்ணாடியிலே தொலைவிலுள்ளது தெரிந்தது, தெருவிலுள்ளது தெரியவில்லை. முதலில் பள்ளிப் படிப்பை முடி, பிறகு பார்க்கலாம் என்று அறிவுரை. எத்தனை வீட்டிலே, எத்தனை நாட்டிலே, எத்தனை அண்ணன்மார் வாயிலிருந்து வந்த அறிவுரை!

நாமும் ஆசிரியத் தொழில் புரிபவர்தாம். ஆகவே இவ்விடத்தைப் படிக்கும்போது நமக்குக் குறுகுறுத்தது. ஏழாம் வகுப்பிலே, பாடம் நடக்கையிலே, பலகையின்மீது விரலால் தாளமிட்டுக்கொண்டிருந்தான் ஒரு சிறுவன். வெளியே நிறுத்தினோம். மறுநாள் தகப்பனாரை அழைத்து வரச் சொன்னோம். அவர் வந்தார், கைகட்டி நின்றார், மகனை அங்கேயே அறைந்தார். சிறுவனின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது. அவன் போட்ட தாளம் நினைவில்லை. கேட்டிருந்தால்தானே நினைவிருக்கும்!

அந்த அண்ணனும் கேட்கவில்லை. அவன் படைக்குப் போகிறான், தாய் இறந்துவிட்டாள், சன்னியோ அண்ணியின் பெற்றோர் வீட்டிலே தங்கி, பொழுதெல்லாம் பியானோவின் முன்னே அமர்ந்திருக்கிறான். இசைத்தட்டைப் போடுவான், ஓர் இடத்தைக் கேட்பான், அதையே வாசிப்பான், மறுபடியும், மறுபடியும், நாள் முழுதும். வீட்டாருக்கு அது மனிதனோடு வாழ்வதாகவே தோன்றவில்லை, ஏதோ ஓசையோடு வாழ்வதுபோல் இருந்தது. இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். இங்கேதான் இசை பிறக்கிறது! அடியிலல்ல, உதையிலல்ல, உழைப்பிலே. ஒரே சுரக்கோவையை நூறு முறை வாசித்த விரலிலே. துன்பம் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது அந்தத் தெருவிலே. பியானோவின் முன்னே உட்கார்ந்தவன் ஒருவன்.

துன்பம் அவனுக்கு என்ன செய்தது? ஊசியைக் கொடுத்தது. சிறையைக் கொடுத்தது. ஓராண்டுக்கு மேலாகப் பியானோவைத் தொடமுடியாமற் செய்தது. இதுதான் துன்பத்தின் பங்களிப்பு. வேண்டுமானால் பட்டியலிட்டுக்கொள்ளட்டும் நண்பர்.

மெய்யான பார்க்கரின் வாழ்வும் அதற்குச் சான்று. 1955 மார்ச் 12-இலே மாண்டபோது அவருக்கு வயது 34. உடலைக் கண்ட மருத்துவர் ஐம்பதுக்கு மேல் இருக்குமென்று கருதினார். போதை ஏறினால் நன்றாக வாசிக்கிறேன் என்று சொல்லும் இசைவாணன் பொய்யன் என்று பார்க்கரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவரைப் பார்த்து ஊசி பிடித்த இளைஞர் பலர், அந்த இசை ஊசியிலிருந்து வந்ததென்று எண்ணி! நண்பரின் வாதம் ஏட்டுப் பேச்சாக மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதை இங்கே காண்க. துன்பத்திலிருந்து கலை வருகிறதென்று நம்பியவர்கள், கலை வேண்டித் துன்பத்தை விலைக்கு வாங்கினார்கள். நரம்பிலே ஏற்றிக்கொண்டார்கள். செத்தார்கள்.

அரசாவது கலைஞனைக் காத்ததா? நியூயார்க்கிலே இரவு விடுதிகளில் வாசிக்க வேண்டுமானால் காவல்துறை தரும் அட்டை வேண்டும் என்றொரு விதி, 1967 வரையிலே இருந்தது. பார்க்கரின் அட்டை 1951-இலே பறிக்கப்பட்டது. பியானோ மேதை தெலோனியஸ் மாங்கின் அட்டையும் அதே ஆண்டு பறிபோய், சில ஆண்டுகள் அந்நகரின் விடுதிகளிலே அவர் விரல் ஒலிக்கவில்லை. 1740-இலே முரசைப் பிடுங்கினார்கள். 1951-இலே அட்டையைப் பிடுங்கினார்கள்.

கதைக்குத் திரும்புவோம். தாய் இறக்குமுன் மூத்தவனிடம் ஒரு செய்தி சொல்லியிருந்தாள். அவன் தந்தைக்கு ஒரு தம்பி இருந்தானாம். கித்தார் வாசிப்பவன். ஒரு சனிக்கிழமை இரவு, நிலவொளியிலே, அண்ணனும் தம்பியும் நடந்து வருகிறார்கள். குடித்துவிட்டுக் கூச்சலிட்டு வந்த வெள்ளையர், வேடிக்கைக்காக, வண்டியை அந்தத் தம்பிமீது ஏற்றிவிட்டுப் போய்விடுகின்றனர். கித்தாரின் மரம் நொறுங்கிய ஓசையையும், நரம்புகள் தெறித்த ஓசையையும் அந்த அண்ணன் சாகும்வரை சுமந்தான். மனைவியைத் தவிர வேறொருவரிடமும் சொல்லவில்லை. சாலையில் செல்லும் ஒவ்வொரு வெள்ளையனையும், இவனோ அவன் என்று பார்த்தபடியே வாழ்ந்து முடித்தான். தம்பியைக் கைவிட்டுவிடாதே என்று சொல்லத்தான் தாய் இதைச் சொன்னாள். சரி என்றான் மகன். சொல்லிவிட்டு மறந்தான். அந்தக் கித்தாரைக் காணுங்கள், நண்பரே! வெள்ளையனின் வண்டி அதன்மீது ஏறியபோது வந்த ஓசைதான் புளூஸா?

இனி, இந்தக் கதையிலே உங்களுக்காகவே எழுதியதுபோல் ஓரிடம். ஏழாம் அவென்யூவிலே, சாலையோரத்திலே, கறுப்பு உடை அணிந்த பெண்கள் மூவரும் ஆண் ஒருவரும் நின்று பக்திப் பாட்டுப் பாடுகின்றனர். கையிலே கஞ்சிரா போன்றதொரு கருவி. கேட்போரெல்லாம் இப்பாட்டுகளை வாழ்நாள் முழுதும் கேட்டவர்கள். ஒருவரும் அவற்றால் கரையேறியதில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறார் பால்ட்வின். அவர் எழுதத் தகுதியுள்ளவர். 14-ஆம் வயதிலே ஹார்லெமின் தேவாலய மேடையேறி, மூன்றாண்டு போதித்து, உள்ளிருந்து கண்டு, வெளியேறியவர். ஆனால், நம் பகுத்தறிவுத் தோழர்களும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், பாடும் அந்தப் பெண்ணை அவர் எள்ளவில்லை. நின்று வேடிக்கை பார்க்கும் இன்னொரு பெண், வாயிலே சிகரெட்டு, முகத்திலே அடிபட்ட தழும்பு. அவளுக்கும் பாடுபவளுக்கும் வேற்றுமை மிகவும் சிறிது, அது இருவருக்கும் தெரியும், அதனால்தான் எப்போதேனும் பேச நேர்ந்தால் ஒருவரையொருவர் சகோதரி என்றழைத்துக்கொள்கின்றனர் என்கிறார். மதம் தந்த உறவா அது? பட்டது ஒன்றென்று அறிந்த உறவு.

கூட்டத்தின் ஓரத்திலே நின்று கேட்டுவிட்டுச் சன்னி வீட்டுக்கு வருகிறான். அண்ணனிடம் சொல்கிறான்: அப்படிப் பாடுவதற்கு அந்தப் பெண் எவ்வளவு துன்பப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணினேன், அவ்வளவு துன்பப்பட்டாக வேண்டும் என்ற எண்ணமே அருவருப்பாயிருக்கிறது என்று. அருவருப்பு! நன்றாகக் கேளுங்கள். இசைவாணன் சொல்கிறான், சிறை கண்டவன் சொல்கிறான், அந்தத் துன்பத்திலே மூழ்கி எழுந்தவன் சொல்கிறான். அவனுக்கு அருவருப்பாயிருப்பது, நாற்காலியிலே அமர்ந்து இசைத்தட்டுக் கேட்கும் நமக்குப் பரிசாகத் தோன்றுகிறது.

அண்ணன் விடுகிறானா? துன்பமில்லாமல் வாழ வழியில்லையே, பொறுத்துக்கொள்வதுதானே மேல் என்கிறான். சீறுகிறான் தம்பி. யாரும் வெறுமனே பொறுத்துக்கொள்வதில்லை, தப்பிக்கத்தான் ஒவ்வொருவனும் முயல்கிறான். என் வழி உன் வழியில்லை என்பதுதான் உனக்கு உறுத்துகிறது என்கிறான். ஆசிரியன் வாயடைத்துப் போகிறான். அவனுடைய வழி என்ன? கணக்கும், சம்பளமும், நல்ல குடியிருப்பும், தம்பியை மறப்பதும். அதுவும் ஒரு போதைதானே!

வேறொரு பக்கத்திலிருந்தும் இந்தக் கதைக்கு எதிர்ப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை. நம்மோடு சுவரொட்டி ஒட்டும் இளந்தோழர் ஒருவர், கதையைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார். "இதிலே போராட்டம் எங்கே? ஊர்வலமில்லை, முழக்கமில்லை. குடிவிடுதியிலே தொடங்கிக் கிறித்தவ மறைநூலின் உவமையிலே முடிகிறது. ரிச்சர்டு ரைட்டின் 'மண்ணின் மைந்தன்' எங்கே, இது எங்கே?" என்றார். ரைட்டின் அந்த 1940-ஆம் ஆண்டுப் புதினம் பெரும் படைப்பு, ஐயமில்லை. ஆனால் பால்ட்வின் 1949-லேயே எதிர்ப்புப் புதினங்களைக் கண்டித்துக் கட்டுரை எழுதியவர். மனிதனை மனிதனாகக் காட்டாமல் துன்பத்தின் உருவமாக மட்டும் காட்டினால், வெள்ளையன் பார்ப்பதைப்போலத்தானே நாமும் பார்க்கிறோம் என்பது அவர் வழக்கு. ரைட்டுக்கும் அவருக்கும் அதனால் மனக்கசப்பு. ரைட்டிடம் அவர் கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொண்டார் என்பது நம் கருத்து. தமக்கு உதவிய மூத்தவரல்லவா? போராட்டத்துக்கு அஞ்சியவரல்லர் பால்ட்வின். 1963 ஆகஸ்டு 28-இலே வாஷிங்டன் பேரணியிலே கலந்துகொண்டவர். 1965-இலே அலபாமாவின் உரிமை நடையிலும் நடந்தவர். முழக்கம் வீதியிலே வேண்டும் என்று வீதிக்குப் போனார். கதையிலே வேண்டியது வேறென்று கதையிலே வேறெழுதினார்.

மறைநூல் உவமைக்கு வருவோம், இளந்தோழரே. கடைசிக் காட்சி. விடுதியிலே, க்ரியோல் என்ற மூத்த இசைவாணர் பெரிய பிடில்வகைக் கருவியோடு நிற்கிறார். ஓராண்டுக்குப் பின் பியானோவின் முன்னே சன்னி. தடுமாறுகிறான், தொடங்குகிறான், நிற்கிறான், அஞ்சுகிறான். க்ரியோல் கண்ணெடுக்காமல் அவனையே கேட்டுக்கொண்டிருக்கிறார். இழுத்துப் பிடிக்கிறார், விட்டுக் கொடுக்கிறார், பக்கத்திலேயே இருக்கிறேன் என்று கருவியாலேயே சொல்கிறார். மற்றவர்களும் சூழ்ந்து நின்று வாசிக்கின்றனர். பிறகுதான் சன்னியின் விரல் விழித்துக்கொள்கிறது. அண்ணன் இருளிலே ஒரு மேசையிலே உட்கார்ந்து, வாழ்நாளில் முதன்முறையாகத் தம்பியைக் கேட்கிறான். கேட்கும்போது தாய் வருகிறாள், சிற்றப்பன் செத்த அந்த நிலவொளிச் சாலை வருகிறது, புதைத்த மகள் வருகிறாள். வெளியே உலகம் பசித்த புலியாகக் காத்திருக்கிறது, இது ஒரு கணந்தான் என்பதும் அவனுக்குத் தெரிகிறது.

பணிப்பெண்ணிடம் சொல்லி மேடைக்கு ஒரு கோப்பை அனுப்புகிறான் அண்ணன். ஸ்காட்ச் மதுவும் பாலும் கலந்தது. சன்னி ஒருவாய் பருகி, அண்ணனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பியானோவின்மீது வைக்கிறான். அடுத்த பாட்டு தொடங்கும்போது அந்தக் கோப்பை, நடுங்கவைக்கும் கிண்ணம் என்று எசாயாவின் ஏட்டிலே வருகிறதே, அதைப்போலத் தம்பியின் தலைக்குமேல் ஒளிவீசி அதிர்கிறது. எசாயாவின் ஏட்டிலே என்ன நடக்கிறது? ஆண்டவன் அந்தக் கிண்ணத்தைத் துன்புற்றவன் கையிலிருந்து எடுத்துவிடுகிறான், இனி நீ பருக வேண்டாம் என்கிறான். இங்கே? எடுப்பாரில்லை. வானம் திறக்கவில்லை. கிண்ணம் அங்கேயே இருக்கிறது, அதிர்ந்தபடி. ஆண்டவன் அகற்றவில்லை, அண்ணன் அனுப்பினான். உவமையை எடுத்துக்கொண்டு ஆண்டவனை விட்டுவிட்டார் பால்ட்வின். இதைவிடப் பகுத்தறிவான முடிவு வேறெங்கே தேடப் போகிறீர்?

ஆகவே படிப்பகத்து நண்பருக்கு நம் மறுமொழி: அந்த இசையைத் தந்தது துன்பமென்றால், க்ரியோல் எதற்கு? நூறு முறை தேய்ந்த அந்த இசைத்தட்டு எதற்கு? மேசையிலே அமர்ந்து கேட்ட அண்ணன் எதற்கு? துன்பம் மட்டும் போதுமென்றால், அந்த அண்ணன் கடைசிவரை மடல் எழுதாமலே இருந்திருக்கலாமே. தம்பி இன்னும் நன்றாக வாசித்திருப்பானே!

பால்ட்வின் 1948-இலே கையிலே நாற்பது டாலரோடு பாரிசுக்குப் போனார். பிறகு சுவிட்சர்லாந்தின் பனிமலைச் சிற்றூரொன்றிலே, தட்டச்சுப்பொறியோடும் பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளோடும் உட்கார்ந்து தம் முதல் புதினத்தை முடித்தார். 1953-இலே வெளிவந்தது அது. தம் மக்களின் பேச்சு எப்படி ஒலித்தது என்பதை மறந்துவிடாதிருக்க அந்தப் பாட்டுகள் தேவைப்பட்டன அவருக்கு. துன்பத்தை விட்டுத் தொலைவிலே, பனிக்கு நடுவிலே, அமைதியாக எழுத ஓரிடம் கிடைத்த பிறகுதான் எழுத முடிந்தது என்பதையும் நண்பர் சேர்த்துக் கணக்கிடட்டும்.

இந்தக் கதை 1965-இலே வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பிலே இருக்கிறது. அத்தொகுப்பின் படியொன்றைப் படிப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். இரண்டாம் அலமாரி, நடுத்தட்டு. சன்னி தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் பக்கத்திலே ஒரு துண்டுத்தாள் செருகியிருக்கிறோம். நண்பர் அதை எடுத்துச் செல்லலாம். திங்களிறுதிக் கூட்டத்துக்கு அவரையே பேச அழைத்திருக்கிறார்கள் தோழர்கள்.